மழை பேஞ்சா லீவு: விடுகதையும் பள்ளிக்கூடமும்

எங்கள் ஆச்சி விடுகதை என்று சொல்லமாட்டாள். அழிப்பாங்கதை என்பாள். ஒருவர் கதையைப் ‘போட’ வேண்டும், மற்றவர் அதை ‘அழிக்க’ வேண்டும். கரண்ட் போன ராத்திரிகளில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு அவள் போடுவாள். நாங்கள் அழிக்கத் திணறுவோம். முடியாவிட்டால் சும்மா விடமாட்டாள். “தோத்தேன்னு மூணு தடவ சொல்லு” என்பாள். சொன்ன பிறகுதான் விடை வரும். அந்த விடை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும் ஏதாவது ஒன்றாக இருக்கும். முறம், உரல், வெங்காயம், தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருக்கும் நிலா. ச்சே, இதைப் போய் விட்டுட்டோமே என்று இருக்கும்.

இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. அத்தனை வருஷத்தில் நாங்கள் ஒரு தடவைகூட ஆச்சிக்குச் சொந்தமாக ஒரு கதை போட்டதில்லை. போடலாம் என்றே தோன்றியதில்லை. அழிப்பாங்கதை பெரியவர்களிடமிருந்து சின்னவர்களுக்கு வரும் சாமான். ஒருவழிப் பாதை.

கல்யாணமாகிக் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்துக்கு வந்த புதிதில், 2022-இல், இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது பிள்ளைகளுக்கு விட்டுப்போன படிப்பை மாலை நேரத்தில் ஈடுகட்டும் ஏற்பாடு. எங்கள் வீட்டு முன்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பதினெட்டுப் பிள்ளைகள். எழுத்துக்கூட்டி வாசிக்க வைப்பது, கூட்டல் கழித்தல், நடுவில் பாட்டும் கதையும். ஊரில் பாதி அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்கள். (எங்கள் பக்கத்தில் யாரும் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. அது ஆபீஸ்தான்.)

ஒருநாள் பாடநூலில் இருந்த விடுகதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தொடக்கப்பள்ளித் தமிழ்ப் புத்தகங்களில் விடுகதைக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் விடை எழுத ஒரு கோடு போட்டிருப்பார்கள். பிள்ளைகள் நான் வாசித்து முடிப்பதற்குள் விடையைக் கத்தினார்கள். எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை. அது அழிப்பதே இல்லை, ஒப்பிப்பது. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. “நாளைக்கு ஆளுக்கொரு விடுகதை சொந்தமா எழுதிட்டு வாங்க. யாரும் கேட்டிருக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் பதினொரு பேர் வீட்டில் கேட்டு எழுதி வந்திருந்தார்கள். மீதிப்பேர் எழுதியது இந்த மாதிரி இருந்தது: எனக்கு நான்கு கால்கள் உண்டு. நான் பால் தருவேன். நான் புல் தின்பேன். நான் யார்?

இந்த ‘நான் யார்’ நம் பள்ளிக்கூடங்களைப் பிடித்த ஒரு வியாதி என்பது என் அபிப்பிராயம். அது விடுகதையே இல்லை. அகராதி விளக்கத்தின் கடைசியில் ஒரு கேள்விக்குறியைத் தொங்கவிட்டது. அதில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை, ஆகவே கண்டுபிடிக்கவும் ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? விடுகதை எப்படிச் செய்வது என்று எனக்கே தெரியாது. அதற்குப் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

*

தேடல் முதலில் தொல்காப்பியத்துக்குப் போய் நின்றது. செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் என்று வகை சொல்லிக்கொண்டு வரும்போது பிசி என்று ஒன்றையும் தொல்காப்பியர் அதே வரிசையில் உட்கார வைக்கிறார். பிசி என்றால் விடுகதை. அடிக்கணக்கு கிடையாது, எத்தனை வரியும் இருக்கலாம். அதைச் சொல்லும் இடத்தில் ‘நொடி’ என்ற சொல்லும் கூடவே வருகிறது. ஈழத்தில் விடுகதையை இன்றைக்கும் நொடி என்றுதான் சொல்கிறார்கள். நாம் கைவிட்ட சொல்லை அங்கே பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

பிசி இரண்டு வகை என்கிறது நூல். ஒன்று, ஒப்புமையால் வருவது. இன்னொன்று, தோன்றுவதைச் சொல்லிச் சொல்லாததைத் துணிய வைப்பது. முதல் வகைக்கு உரைகாரர் காட்டும் உதாரணத்தில், பிறையைக் கவ்விக்கொண்டு ஒரு மலை நடந்து போகும். விடை, யானை. முதன்முதலில் வாசித்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். தந்தம், உடம்பு, நடை எல்லாம் நான்கே சொல்லில் வந்துவிடுகிறது, யானை என்ற சொல்லைத் தவிர. இரண்டாம் வகை என்னவென்று எனக்கு அப்போது சரியாகப் பிடிபடவில்லை. தோன்றுவதைச் சொல்வது என்றால் என்ன? தோன்றுவதைத்தானே எல்லோரும் சொல்கிறோம்? அதை அப்படியே விட்டுவிட்டேன்.

பிற்காலத்து அணியிலக்கணக்காரர்கள் இதைப் பிரேளிகை என்ற பெயரில் எடுத்துக்கொண்டார்கள். காஞ்சியில் பல்லவர் காலத்தில் வாழ்ந்த தண்டி தன் காவியாதர்சத்தில் பதினாறு வகைப் பிரேளிகைகளைச் சொல்கிறார். எல்லாம் கற்றவர்களின் சபை விளையாட்டு. சொல்லை உடைத்து, எழுத்தை மாற்றி, பொருளைப் புதைத்து வைக்கும் வேலை. எங்கள் கொட்டகைக்கு அது உதவாது.

பள்ளிக்கூடத்துக்கும் விடுகதைக்குமான உறவு மிகப் பழையது என்பது கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்த்தபோது தெரிந்தது. சுமேரியர்கள் பள்ளிக்கூடத்துக்கு வைத்த பெயர் பலகை வீடு. ஈரக் களிமண் பலகையில் எழுதிப் பழகும் இடம். அங்கே ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன்னால் எழுதப்பட்ட விடுகதைகள் கிடைத்திருக்கின்றன. அதில் ஒன்று, குருடனாக நுழைகிறவன் பார்வையோடு வெளியே வரும் ஒரு வீட்டைப் பற்றியது. விடை, பள்ளிக்கூடம்தான். அதை உண்டாக்கியது வாத்தியாராக இருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். மாணவன் எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

எட்டாம் நூற்றாண்டில் சார்லமேனின் அரண்மனையில் அல்குயின் என்ற ஆங்கிலேய ஆசிரியர் இருந்தார். அவருக்கும் சார்லமேனின் மகன் பிப்பினுக்கும் நடந்ததாக ஓர் உரையாடல் லத்தீனில் இருக்கிறது. அதில் முதலில் கேட்பவன் மாணவன். எழுத்து என்றால் என்ன, சொல் என்றால் என்ன, மனிதன் என்றால் என்ன என்று பிப்பின் அடுக்கிக்கொண்டே போகிறான். ஒவ்வொன்றுக்கும் விடுகதை மாதிரியே ஒரு பதில் ஆசிரியரிடமிருந்து வருகிறது. பிறகு ஆட்டம் திரும்புகிறது. அல்குயின் கதை போடுகிறார், பையன் அழிக்கிறான். எனக்கு ஆச்சரியம் அந்த முதல் பாதிதான். ராஜா மகன் என்பதால் கேட்க விட்டார்களோ என்னவோ.

*

பிள்ளைகளை விடுகதை செய்ய வைக்கும் வழியை நான் கண்டுபிடித்தது ஓர் இத்தாலியரிடம். ஆனால் அந்த வழியின் வேர் ரஷ்யாவில், டால்ஸ்டாயின் பண்ணையில் இருக்கிறது.

டால்ஸ்டாய் 1859-இல் யாஸ்னயா பொல்யானாவில் குடியானவப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் நடத்த ஆரம்பித்தார். 1862-இல் ஒரு கட்டுரை எழுதினார். நாம் பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பதா, பிள்ளைகளிடம் நாம் எழுதக் கற்றுக்கொள்வதா என்பதுதான் அதன் தலைப்பே. கரண்டியால் ஊட்டிவிட்டு அதன் காம்பாலேயே கண்ணைக் குத்துவதைப் பற்றிய ஒரு பழமொழியைக் கொடுத்து, இதற்குக் கதை எழுதுங்கள் என்கிறார். பிள்ளைகளுக்கு வரவில்லை. நீங்கள் முதலில் எழுதுங்கள் என்கிறார்கள். அவர் எழுத உட்கார்கிறார். பையன்கள் சுற்றி நின்றுகொண்டு, அது அப்படி இல்லை, இது இப்படி என்று திருத்த ஆரம்பிக்கிறார்கள். கதையில் வரும் ஒருவன் அவசரத்தில் ஒரு பெண்ணின் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான் என்று ஒரு பையன் சேர்க்கச் சொல்கிறான். எதற்குப் பெண்ணின் கோட்டு? டால்ஸ்டாய் யோசித்துப் பார்த்துவிட்டு அசந்துபோகிறார். அந்த ஒரு விவரத்தில் அந்த ஆள் முழுசாகத் தெரிந்துவிடுகிறான்.

அதே டால்ஸ்டாயின் கதைகளை வைத்துத்தான் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி 1917-இல் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். பழகிப்போன பொருள் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது, அதை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்க்க வைப்பதே கலையின் வேலை என்பது அவர் வாதம். டால்ஸ்டாய் ஒரு பொருளை அதன் பெயரால் கூப்பிடாமல் புதிதாகப் பார்த்துச் சொல்வதை உதாரணம் காட்டுகிறார். அதே கட்டுரையில் விடுகதைகளையும் சேர்த்துக்கொள்கிறார். விடுகதை செய்வதும் அதைத்தானே. இலக்கிய வகுப்புகளில் அந்நியமாக்கல் என்று பெரிய பெயரில் சொல்வார்கள். ஆச்சி மொட்டைமாடியில் செய்துகொண்டிருந்தது அதுதான்.

ஜான்னி ரோதாரி இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். 1920-இல் இத்தாலியின் ஒமேனா என்ற ஊரில் பிறந்தவர். 1937-38 குளிர்காலத்தில், இன்னும் இருபது வயதுகூட ஆகாதபோது, ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த ஒரு யூதக் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு இத்தாலியன் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. இத்தாலி தங்களைக் காப்பாற்றும் என்று அந்தக் குடும்பம் சில மாதங்களுக்கு நம்பியது. 1938-இலேயே முசோலினி அரசு இனச்சட்டங்களைக் கொண்டுவந்தது. அந்த மாதங்களில் ரோதாரி நோவாலிஸின் சிதறல் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். தர்க்கத்துக்கு ஓர் இலக்கணம் இருப்பதுபோல கற்பனைக்கும் ஒன்று இருந்தால், கண்டுபிடிப்பதையே கற்றுக்கொள்ளலாம் என்பதுபோல ஒரு குறிப்பு அதில் இருந்தது. அது அவர் மனசில் தைத்தது. முப்பத்து நான்கு வருஷம் கழித்து, 1972 மார்ச்சில், ரெஜ்ஜோ எமிலியா நகரத்தில் ஏறக்குறைய ஐம்பது ஆசிரியர்களோடு ஒரு வாரம் உட்கார்ந்து பேசினார். அந்தப் பேச்சிலிருந்து 1973-இல் ‘கற்பனையின் இலக்கணம்’ என்ற புத்தகம் வந்தது. நான் படித்தது ஜாக் சைப்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு.

அதில் ஒரு சின்ன அத்தியாயம், விடுகதையை எப்படிக் கட்டுவது என்று. பேனாவை எடுத்துக்கொள்கிறார். முதலில், பேனாவை இதுவரை பார்த்தே இராத ஒருவன்போலப் பார். ஒரு குச்சி, ஒரு முனை கூர், வெளிர்நிறப் பரப்பில் தேய்த்தால் கோடு விழுகிறது. அடுத்து, இதில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வேறொன்றை நினை. வெளிர்நிறப் பரப்பு என்றால் தாள்தானா? சுவராக இருக்கலாம், பனி மூடிய வெளியாக இருக்கலாம். அங்கே கோடு என்பது என்ன? ஒரு நடைபாதை. மூன்றாவதாக உருவகம். பேனா, வெள்ளை வெளியில் கறுப்புப் பாதை போடுகிறது. இதற்குமேல் எதுகை மோனை வைத்து ஜோடிப்பது உன் இஷ்டம்.

இதைப் படித்த அன்றைக்குத்தான் தொல்காப்பியத்தின் இரண்டாம் வகை எனக்கு விளங்கியது. பெயரை மறந்துவிட்டு, கண்ணுக்குத் தோன்றுவதை மட்டும் சொல்வது ரோதாரியின் முதல் படி. ஒப்புமை அவருடைய கடைசிப் படி. தொல்காப்பியர் இரண்டு வகை என்று பிரித்ததை ரோதாரி ஒரே ஏணியின் படிகளாக வைத்திருக்கிறார். இது என் வாசிப்பு. புலவர்கள் சண்டைக்கு வரலாம்.

*

மறுவாரம் கொட்டகையில் ஒரு விதி போட்டேன். பெயர் சொல்லக் கூடாது. ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அது என்னவென்று மறந்துபோகிற வரைக்கும்.

முதலில் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன். “என்ன தெரியுது?” “மூணு றெக்கைக்கா.” “றெக்கைன்னு யார் சொன்னா? அது பறக்குதா?” “மூணு கை.” “என்ன பண்ணுது?” “சுத்துது. யாரையும் தொட மாட்டேங்குது.” “அப்புறம்?” கொஞ்ச நேரம் மௌனம். பிறகு மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், “நின்னா எல்லாரும் அத ஏசுவாங்கக்கா” என்றான். அவ்வளவுதான், விடுகதை ஆகிவிட்டது. மூணு கைக்காரன், ஒருத்தரையும் தொடமாட்டான், வேலை செஞ்சா யாரும் பார்க்க மாட்டாங்க, நின்னா எல்லாரும் ஏசுவாங்க.

அதற்கப்புறம் எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. செல்போன் சார்ஜர் பற்றி ஒருத்தி: சுவத்துல வாய வச்சுப் பால் குடிக்கும், குடிச்சு முடிச்சா ஊர்க்கதை பேசும். சீமைக்கருவேலம் பற்றி ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன்: கூப்பிடாம வந்தான், கிணத்துத் தண்ணியெல்லாம் குடிச்சான், வெட்டிப் போட்டா அடுப்புக்கு மட்டும் சோறு போடுவான். ‘அடுப்புக்குச் சோறு’ நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. அவன் தாத்தா மூட்டம் போடுகிறவர். கரி, விறகு பற்றி அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது.

எல்லாம் நன்றாக வந்ததாக நினைக்க வேண்டாம். ஒரு பையன் எதை எழுதினாலும் விடை பேயாகவே இருந்தது. ரெண்டு பேர் கடைசிவரை ‘நான் யார்’ எழுதினார்கள். ஒரு பிள்ளையின் அப்பா வந்து, “விடுகதை எழுதி என்னத்துக்கு ஆவப் போவுது, வாய்ப்பாடு சொல்லிக் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. அவர் பிள்ளைக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியாது.

நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். கொட்டகையின் ஓரத்தில், தகரத்தில் முதுகு படும்படி உட்காருவாள். வாசிப்பதற்கு எழுத்துக்கூட்ட வேண்டும், எழுதினால் எறும்பு ஊர்ந்ததுபோல இருக்கும். ஏதாவது கேட்டால் பக்கத்துப் பிள்ளைதான் பதில் சொல்லும். ஒருநாள் நோட்டை என் முன்னால் வைத்துவிட்டு ஓடிப்போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். இப்படி எழுதியிருந்தது:

அம்மா கூட வேலைக்கு போகாது. வேலை முடிஞ்சா அம்மா கூட வீட்டுக்கு வரும். சோத்து தட்டுல உக்காறும். தலகாணில படுக்கும். மழை பேஞ்சா லீவு.

‘உக்காறும்’ என்பதில் றகரத்தைத் திருத்தச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன். சத்தமாக வாசித்தேன். வாசித்துவிட்டு, டீச்சர் தோரணையில், “நிழல்! சரியா?” என்றேன். சாயங்காலம் கூடவே வரும், மழை நாளில் வெயில் இல்லை, நிழலும் இல்லை. பொருத்தமாகத்தான் இருந்தது. அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

அதற்குள் நாலு பேர் கத்தினார்கள்: “மருந்து வாடைக்கா!”

எனக்கு அப்பவும் புரியவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “அக்காவுக்கு இது கூடத் தெரியல!” தீக்குச்சியின் தலையில் இருக்கும் ரசாயனத்துக்கு இங்கே மருந்து என்று பெயர். தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்கப் பெட்டி அடைத்துவிட்டு வரும் அம்மாவின் கையிலும் சேலையிலும் முடியிலும் அந்த வாடை இருக்கும். சோறு பிசைந்து கொடுக்கும்போது சோற்றில் வரும். பக்கத்தில் படுத்தால் தலையணையில் வரும். இந்த வட்டாரத்தில் இந்தத் தொழில் வேர்பிடித்ததற்கு ஒரு காரணமே மழை குறைவு என்பதுதான். மழை பெய்தால் குச்சி காயாது. சின்ன ஆபீஸ்களில் அன்றைக்கு வேலை இருக்காது. வாடைக்கும் லீவு. கூலிக்கும் லீவு என்பதை அவள் எழுதவில்லை, ஆனால் கொட்டகையில் எல்லோருக்கும் அது தெரியும். நான் மட்டும் நிழல் என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

“தோத்தேன்னு சொல்லுங்கக்கா” என்றான் ஒருவன். எங்கள் ஆச்சியின் விதியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். மூன்று தடவை சொன்னேன். அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

*

வெரோனாவில் ஒரு கதை நடந்தது. இதைப் பின்னால்தான் படித்தேன், படித்தபோது முகம் சிவந்தது.

அந்த ஊர் தேவாலய நூலகத்தில் ஒரு பழைய பிரார்த்தனைப் புத்தகம் இருக்கிறது. ஸ்பெயினில் எழுதப்பட்டு எப்படியோ இத்தாலிக்கு வந்து சேர்ந்தது. அதன் ஒரு பக்கத்தின் ஓரத்தில், எட்டாம் நூற்றாண்டின் முடிவிலோ ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, பிரதி எடுக்கிறவர் ஒருவர் சில வரிகளைக் கிறுக்கி வைத்திருக்கிறார். 1924-இல் லூயிஜி ஸ்கியாபரேல்லி என்ற அறிஞர் அதைக் கண்டெடுத்தார். லத்தீனுமில்லை, இன்னும் இத்தாலியனும் ஆகவில்லை, பேச்சுமொழி எழுத்துக்கு வரும் அந்த இடைவழியில் நிற்கும் வரிகள். மாடு, வெள்ளை வயல், வெள்ளைக் கலப்பை, கறுப்பு விதை, இவ்வளவுதான் அதில் வரும் சாமான்கள். மொழியறிஞர்கள் அதை ஏதோ ஒரு குடியானவப் பாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். உழவன் மாடு ஓட்டிக்கொண்டு பாடுகிறான் என்று.

சில வருஷம் கழித்து ஒரு வகுப்பில் பேராசிரியர் இதை நடத்திக்கொண்டிருந்தபோது, முதலாண்டு மாணவி ஒருத்தி, இது எங்கள் பக்கம் சொல்லும் விடுகதை ஆயிற்றே என்றாள். மாடுகள் விரல்கள். வெள்ளை வயல் தோல்தாள். வெள்ளைக் கலப்பை இறகுப் பேனா. கறுப்பு விதை மை. விடை, எழுதுவது. ஆயிரத்துக்கும் மேலான வருஷங்களுக்கு முன்னால் ஒரு எழுத்தர் பேனாவை வைத்துக்கொண்டு, தன் கை செய்துகொண்டிருந்த வேலையையே ஒரு கணம் தள்ளி நின்று பார்த்திருக்கிறார். அதையே ரோதாரி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எடுத்த பொருளும் பேனாவாக இருப்பது தற்செயலா என்று தெரியாமலே எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த மாணவியைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அவளுக்கு எந்த ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை. வீட்டில் கேட்டிருந்தாள், அவ்வளவுதான். பழைய கதைகளில் விடுகதை போடுகிறவர்கள் எல்லோரும் அதிகாரத்தில் இருப்பவர்கள். ஸ்பிங்க்ஸ் வழியை மறித்துக் கேட்கிறது, யட்சன் குளத்தை மறித்துக் கேட்கிறான், பதில் சொல்லாவிட்டால் உயிர் போகும். வகுப்பறையில் உயிர் போகாது, மார்க் போகும். கேட்கிறவருக்கு விடை முன்கூட்டியே தெரியும் என்பதுதான் அந்த அதிகாரம். கொட்டகையில் அன்றைக்கு விடை என்னிடம் இல்லை. பதினெட்டுப் பேரில் பாதிப் பேரிடம் இருந்தது.

*

மூன்றாம் நாள் அவளுடைய அம்மா வந்தார். வேலை முடிந்து நேராக வந்திருந்தார். முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது, நல்ல வார்த்தை சொல்ல வரவில்லை என்று.

“ஏம்மா, படிப்பு சொல்லிக் குடுக்கத்தான அனுப்புதோம்? வீட்டுக்குள்ள வாடை அடிக்குன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியுதா. தெருவுல போனா சின்னப்புள்ளைக மூக்கப் பிடிச்சுக்கிட்டு ‘மழை பேஞ்சா லீவு’ங்குதுக. நல்லாவா இருக்கு?”

நான் என்னென்னவோ சொன்னேன். உங்க பொண்ணு ரொம்ப நல்லா எழுதியிருக்கா, அது கேலி இல்லக்கா, பாசத்துல எழுதினது. சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போலக் கேட்டது. பொய் இல்லை, ஆனால் அவருக்கு அதனால் என்ன? முதல் தடவை பார்ப்பதுபோலப் பார் என்று பிள்ளையிடம் சொன்னது நான். அவள் பார்த்தாள். பார்க்கப்பட்டவர் என் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அந்நியமாக்கல் பற்றிய எந்தக் கட்டுரையிலும் இந்த இடம் வருவதில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் “சரி, விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். போன பிறகு கொஞ்ச நேரம் கொட்டகையில் அந்த வாடை இருந்தது. அன்றைக்குத்தான் நான் அதை முதன்முதலாகக் கவனித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் விடுகதை இல்லை. வாய்ப்பாடு மட்டும். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை மறுபடியும் பேச்சை நிறுத்திவிட்டாளோ என்று பயந்தேன். நிறுத்தவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டில் பக்கத்துப் பையனைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு விதியை மாற்றினேன். வீட்டு மனுஷரைப் பற்றி எழுதினால் முதலில் அவருக்குப் போட்டுக்காட்ட வேண்டும், அவர் சரி என்றால்தான் கொட்டகைக்கு வரலாம். சரியான விதியா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. அந்த விதி முதலிலேயே இருந்திருந்தால் மருந்து வாடை எங்கள் கொட்டகைக்கு வந்திருக்காது.

இரண்டு மாதம் கழித்து ஒரு விழாவுக்காகப் பக்கத்து ஊர் மையத்துப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் ஒன்றாகக் கூடினார்கள். இடைவேளையில் எனக்கு முன்பின் தெரியாத ஒரு பையன் சின்னப்பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக் கதை போட்டுக்கொண்டிருந்தான். காதில் விழுந்தது. அம்மா கூட வேலைக்குப் போகாது. தட்டு போய் தூக்குச்சட்டி வந்திருந்தது, தலையணை போய் சேலை முந்தி வந்திருந்தது. மழையும் லீவும் மட்டும் அப்படியே இருந்தன.

“இது யார் சொன்னதுடா?” என்று கேட்டேன்.

“எங்க ஆச்சி சொன்னது. ரொம்பப் பழைய கதைக்கா.”

வெரோனா எழுத்தரின் பெயர் நமக்குத் தெரியாமல் போனது இப்படித்தான் இருக்கும். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. தேடிப் போய் அவளிடம் சொன்னேன், உன் கதையை ஒருத்தன் அவன் ஆச்சி கதைன்னு சொல்லிக்கிட்டு இருக்கான் என்று.

அவள் எட்டி அந்தப் பக்கம் பார்த்தாள்.

“அந்தப் புள்ளைக அழிச்சுட்டாங்களாக்கா?”

“உடனே அழிச்சுட்டாங்க.”

“நீங்கதான் அழிக்கல” என்றாள்.